காவடி ஆடிய முயல்

பணி அனுபவம் என்று எழுதுவதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும், பென்ஷன் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுவரை பொறுமை கிடையாது. கோடைக்கானலிலிருந்து மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு, கட்டிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கல்லூரியை விட்டு இந்த வருஷம் வெளியே வரும் கால்நடை மருத்துவத் தம்பிகளே, உங்களில் யாரோ ஒருவர் என் நாற்காலிக்கு வரப் போகிறார். பெரியவர்கள் எழுதினால் யானைக்கு வைத்தியம் பார்த்ததையும் பந்தயக் குதிரைக்குக் கட்டுப் போட்டதையும் எழுதுவார்கள். நான் எழுதப் போவது ஒரு முயலைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இந்த மலையில் நான் செய்த வேலைகளில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது அதுதான்.

நாம் படித்த புத்தகங்களில் முயலுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மருந்தைச் சோதிக்க ஊசி போடுகிற பிராணியாகத்தான் நமக்கு அது அறிமுகம். வீட்டில் பிள்ளை மாதிரி வளர்க்கிற முயல் ஏன் சோர்ந்து படுக்கிறது, ஏன் கடிக்கிறது என்று எந்த வாத்தியாரும் நமக்குச் சொன்னதில்லை. ஆனால் கோடைக்கானலில் முயல் வரும். மிஷன் பங்களாக்களில் இருக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஆசையாக வளர்ப்பார்கள். கப்பலேறும்போது சமையல்காரருக்கோ பழக்கமான கடைக்காரருக்கோ கொடுத்துவிட்டுப் போவார்கள். முயல் கை மாறும். அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்கிற விவரம் கப்பலோடு போய்விடும்.

முயலுக்கு முன்னால் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் மட்டக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். சீசனில் நாள் முழுக்க ஓட்டம் என்பதால் கொள்ளு வைப்பார்கள். மழை பிடித்து ஆள் வரத்து நின்றதும் பழகிய குதிரைக்காரர்கள் கொள்ளைக் குறைத்துவிடுவார்கள். புதிதாகக் குதிரை வாங்கிய ஒருவர் பாசத்தில் குறைக்கவில்லை. குதிரைக்குக் குணம் கெட்டுவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று என்னிடம் பிடித்து வந்தார். வந்த வேகத்தில் அது உதைத்து ஒரு காலை முறித்தது. நல்லவேளை, என் மேசையின் காலை. கொள்ளை நிறுத்தி வெறும் புல்லில் விடச் சொன்னேன். கொஞ்ச நாளில் சாதுவாகிவிட்டது. குணம் என்று நாம் பேசுவதில் பாதி தீவனத் தொட்டிக்குள் கிடக்கிறது என்று அன்றைக்கே நான் பிடித்துக்கொண்டேன்.

இனி முயல்.

பழனியில் பரம்பரையாகக் கோயிலை ஒட்டிப் பிழைக்கிற குடும்பம் தண்டபாணியுடையது. சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் பஞ்சாமிர்தம் பிசைகிறவர்கள். இவர் மட்டும் மலையேறி வந்து கோடைக்கானல் கடைத்தெருவில் பஞ்சாமிர்தம், திருநீறு, சூடம், சாமி படம் விற்கும் கடை போட்டார். மனைவி வடிவும் கடையில் நிற்பார். மூன்று வயதில் ஒரே மகன், முருகேசு. ஊருக்குப் போன ஒரு பள்ளிக்கூடத்து அம்மாள் கொடுத்துவிட்டுப் போன வெள்ளை முயல் கடை வாசலில் ஒரு பலகைப் பெட்டியில் இருந்தது. வந்தபோது கழுத்தில் ஒரு கயிற்றைத் தவிர வேறு சொத்து எதுவும் இல்லாததால் அதற்குச் சின்னாண்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

சின்னாண்டி ஊரில் பிரபலம். தினமும் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு வேகம் வந்துவிடும். பின்னங்கால்களில் எழும்பும், பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வரும், குதித்துத் திரும்பும், பலகையை முட்டும். பழனிக்குப் போய்விட்டு மலையைப் பார்க்க வருகிற பக்தர்கள் அதைப் பார்த்து, காவடி ஆடுகிறது என்றார்கள். யாரோ பெட்டியின் மேல் மயிலிறகு செருகிவிட்டுப் போனார்கள். கற்கண்டு வாங்குகிறவர்கள் ஒன்றிரண்டை உள்ளே போட்டார்கள். அந்த வழியாகப் போகும்போது நானும் நின்று பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்த பிறகு அது நனைந்த துண்டு போலப் பகலெல்லாம் துவண்டு கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். நம் கண்ணுக்கு விடுமுறை கிடையாது, தம்பிகளே.

ஒரு மழைக்காலம். அதற்குச் சற்று முன்னால்தான் ஊருக்குள் வெறிநாய் ஒன்று வந்து, அதைச் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். எந்த நாய் குரைத்தாலும் ஜனங்கள் கதவைச் சாத்திய நேரம். அப்போதுதான் ஒரு நாள் காலையில் சின்னாண்டி முருகேசுவின் விரலைக் கடித்தது. லேசான கடி இல்லை. ரத்தம் வடிய வடியப் பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டர் காயத்தைக் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மிருகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்களோடு கடைக்கே வந்துவிட்டார். எனக்கும் ஆள் வந்தது.

நான் போய்ச் சேரும்போது கடை வாசலில் கூட்டம். சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒரு தடியும் சாக்கும் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

“இதுல பாக்குறதுக்கு என்ன சார் கெடக்கு? தெனமும் ஆடுனப்பவே எனக்குச் சந்தேகம். வெரசா அடிச்சுப் போட்டுட்டுச் சோலியப் பாப்போம்” என்றார்.

அடித்துவிட்டால் பதிலையும் சேர்த்துப் புதைத்துவிடுவோம் என்று நான் சொன்னேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சர்வீஸில் மூத்தவர். முடிவு அவர் கையில் இருந்தது. வெறி என்றால் பிள்ளைக்கு வயிற்றில் ஊசி போட்டாக வேண்டும். நாள் தவறாமல் போட வேண்டிய ஊசி. அந்த ஊசியாலேயே கை கால் விழுந்துபோனவர்களை அவர் தம் கண்ணால் பார்த்திருந்தார். தேவை என்றால் தயங்கமாட்டார். தேவை இல்லை என்றால் ஒரு சொட்டுக்கூட ஏற்ற விரும்பவில்லை. தேவையா இல்லையா என்பதைச் சொல்லத்தான் நான்.

பெட்டி எப்போதாவது தெருவில் கிடந்ததா, நாயோ நரியோ கீரியோ கிட்டே வந்ததா என்று கேட்டேன். ராத்திரி கடைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள், பகலில் பலகை மேல்தான் இருக்கும், எதுவும் தொட்டதில்லை என்று தண்டபாணி சத்தியம் செய்தார். வடிவிடம் முயலுக்கு என்ன தீனி என்று கேட்டேன்.

“புல்லுதாங்க. மார்க்கெட்டுல கழிக்கிற முட்டைக்கோசு எலை, கேரட்டு. வேற ஒண்ணும் குடுக்கிறதில்லைங்க.”

எங்கே போனாலும் முயல் வைத்திருப்பவர்கள் சொல்லும் பதில் இதுதான். பெட்டியில் புல் இருக்கத்தான் செய்தது. ஆனால் வாய் படாமல், மேலே மேலே சேர்ந்து, மட்கிப்போய்க் கிடந்தது. முயலைப் பிடரியில் பிடித்துத் தூக்கினேன். வயிறு பானை போல. பின்பக்கத்து ரோமமெல்லாம் குழைந்த சாணி. தாடையைத் தொட்டேன், பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தால் ஏலக்காய் மணம்.

“அம்மா, இது வாயில பஞ்சாமிர்த வாசனை அடிக்குதே. இதுக்குக் குடுக்கிறீங்களா?”

“அது சாப்பாடு இல்லீங்களே. பிரசாதங்க” என்றார் வடிவு.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. கடை திறந்ததும் புது டப்பாவிலிருந்து முதல் கரண்டி பஞ்சாமிர்தத்தை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். படைத்தது காலடியில் விழக்கூடாது, ஏதாவது ஒரு வாய்க்குத்தான் போக வேண்டும். தினமும் அதே இனிப்பைத் தின்று வீட்டாருக்குச் சலித்துப்போயிருந்தது. சலிக்காத வாய் ஒன்று வாசலிலேயே இருந்தது. அவர்கள் கணக்கில் தீனி வேறு, பிரசாதம் வேறு. தீனியைக் கேட்டால் பிரசாதம் பதிலில் வராது. ‘என்ன தீனி போடுகிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘இதன் வாய்க்குள் என்னவெல்லாம் போகிறது’ என்று கேளுங்கள்.

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வடிவு முந்திக்கொண்டார். முருகன் பிரசாதம் யாருக்கு என்ன கெடுதல் செய்யும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டார். நான் பிரசாதத்தைக் குறை சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். உள்ளங்கையில் ஒரு துளி என்றார். இந்த முயல் உங்கள் எடையில் எத்தனையில் ஒரு பங்கு இருக்கும், இதற்கு ஒரு கரண்டி என்றால் உங்களுக்கு எத்தனை டப்பா என்று கேட்டேன். தண்டபாணி அடுக்கி வைத்திருந்த டப்பாக்களை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கழுவி, முயலின் முகத்துக்கு நேராக நீட்டினேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதே பேனாவின் முனையில் பஞ்சாமிர்தம் தடவி நீட்டினேன். பாய்ந்து கடித்த கடியில் மூடி விரிசல் விட்டது. பிள்ளை கையில் அப்போது என்ன இருந்தது என்று கேட்டேன். வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான் என்றார்கள்.

கூட்டத்தில் சிலர் ஆகா என்றார்கள். டாக்டர் சொல்லவில்லை.

“இது பேராசைக்காரன்னு நிரூபிச்சிட்டீங்க. வெறி இல்லைன்னு நிரூபிக்கலையே” என்றார்.

சரியான பேச்சு. நானும் ஒப்புக்கொண்டேன். அதனால்தான் அடிக்க வேண்டாம், உயிரோடு என்னிடம் விடுங்கள் என்றேன். எச்சிலில் வெறி இறங்கிவிட்ட நாய் பத்து நாள் தாங்காது. இதுவும் தாங்கினால் பயமில்லை. நாய்க்குச் சொன்னது முயலுக்கும் பொருந்தும் என்று யார் சொன்னது என்று கேட்டார். யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எந்த மிருகமும் தொடாத ஒன்றுக்கு வெறி வர வழியும் இல்லை, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் அவர் நான் தெரியும் என்று சொன்னதை நம்பினார். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது இது.

டாக்டர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“மருந்தை இன்னைக்கே வத்தலக்குண்டு பஸ்ல வரவழைச்சுத் தயாரா வச்சிருப்பேன். பத்து நாள் பாப்போம். முயல் உயிரோட இருக்கிற வரைக்கும் ஊசி இல்லை. அது செத்தா, எதுனால செத்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். அந்த நிமிஷமே ஊசி.”

சின்னாண்டியை வெறுங்கையில் எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது.

இனிப்பை அன்றோடு நிறுத்தினேன். அறுத்த புல்லை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. பல்லைக் கடித்தது. புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புழுக்கை நின்றுபோயிற்று. முயலுக்கு வயிறு நின்றுவிட்டால் மற்றது நிற்க அதிக நேரம் ஆகாது. அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், ஊமை வெறியா?” என்று கேட்டார். கேலிக்குக் கேட்டாரோ, அக்கறையில் கேட்டாரோ, எனக்குச் சுருக்கென்றது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது, கடிக்காமல் முடங்கிக் கிடந்தே சாகிற ஊமை வெறி மாதிரியேதான் இருந்தது. அது வெறியால் சாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பசியால் செத்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஊசிதான்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் வடிவு வந்தார். முந்தானையில் மறைத்து வைத்திருந்த சின்னக் கிண்ணத்தை எடுத்தார்.

“ஒரே ஒரு வாயி குடுத்துப் பாக்குறேன் டாக்டர். இதைக் கண்டா அது விடாது. தின்னா பொழச்சுக்கும்ல?”

“தின்னுரும்மா. அதுதான் பயம். உள்ள நின்னுபோயிருக்கிற வயித்துல இனிப்பு போனா பொங்கிரும். நாளைக்கு இருக்காது.”

“தின்னாமலும் இருக்காதே. அது போயிட்டா எம் பிள்ளைக்கு ஊசி.”

“அதுக்காகத்தான் வேண்டாங்கிறேன்.”

அந்த அம்மாள் கிண்ணத்தைக் கீழே வைக்கவும் இல்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை. என் வயது என்ன என்று கணக்குப் போடுவதைப் போல என்னைப் பார்த்தார். பெற்றவள் கெஞ்சும்போது மறுப்பது எப்படி என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. கொடுக்கட்டும் என்று விட்டிருந்தால் பழி என் தலையில் விழாது. ஊரும் முருகன் சித்தம் என்று சொல்லியிருக்கும். நான் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். நகரவில்லை. இன்று அதே இடத்தில் நிற்க நேர்ந்தாலும் நகரமாட்டேன்.

யோசித்தேன். தப்பு புல்லில் இல்லை, புல்லின் ஈரத்தில். மழையில் நனைந்து சில்லிட்டுப்போன புல்லை, இனிப்புக்குப் பழகிய நாக்கு ஏன் தொடும்? காய்ந்த புல் வேண்டும். அந்த மழையில் மலையில் காய்ந்தது என்று எதுவுமே இல்லை. அப்போதுதான் என் கட்டிலுக்கு அடியில் இருந்த பேரிக்காய்க் கூடை நினைவுக்கு வந்தது. வில்பட்டிக்காரர் ஒருவர், தம் மாடு பிழைத்துக்கொண்டதில் மனம் குளிர்ந்து கொண்டுவந்து வைத்தது. பேரிக்காயைக் கீழே அனுப்பும்போது அடிபடாமல் இருக்கக் காய்ந்த மலைப்புல்லைப் பரப்பி அடுக்குவார்களே, அந்தப் புல்.

ஓடிப்போய்க் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். காய்கள் நாலு பக்கமும் உருண்டன. அடியில் கிடந்த புல்லை அள்ளி முகர்ந்தேன். பழுத்த பேரிக்காய் மணம் புல்லில் ஊறியிருந்தது. இனிப்பின் வாசனை உண்டு, இனிப்பு கிடையாது. எனக்கு அந்த நிமிஷம் கத்த வேண்டும் போல இருந்தது.

சின்னாண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு பிடி வைத்தேன். நானும் வடிவும் தரையில் குந்தியிருந்தோம். மூக்கு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. ஒரு தண்டைப் பல்லால் இழுத்தது. கடைவாயில் வைத்து அரைக்க ஆரம்பித்தது. தண்டு வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போயிற்று. அது தீர்ந்ததும் அடுத்த தண்டு. வடிவு கிண்ணத்தை முந்தானைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.

பேரிக்காய் மண்டியில் கேட்டு மேலும் புல் வாங்கினேன். மறுநாள் விடிகாலையில் பெட்டியில் காய்ந்து உருண்ட புழுக்கைகள் கிடந்தன. ஒரு காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “வெள்ளனே இதைக் காட்டத்தான் ஆள் அனுப்புனீங்களாக்கும்” என்றார். ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் ஆசையோடு கவனித்தேன். காலையில் ஒரு வெறியாட்டம், பகலெல்லாம் துவளல் என்கிற பழைய கதை போயிற்று. எழுந்தது முதல் அடங்குகிற வரை ஒரே சீரான சுறுசுறுப்பு. அறையை அளந்தது. நாற்காலிக் காலைக் கொறித்தது. யார் கை நீட்டினாலும் முகர்ந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. ரோமம் தானாகச் சுத்தமாயிற்று. புது மருந்து எதுவும் நான் கொடுக்கவில்லை. புல், தண்ணீர், நடக்க இடம்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்த அன்று காலை அவரே என் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தண்டபாணியும் வடிவும் பிள்ளையோடு முன்கூட்டியே வந்து வாசலில் காத்திருந்தார்கள். அத்தனை நாளும் அந்த வீட்டில் முருகேசுவைப் பார்த்து ஒருவரும் ஒரு சொல் அதட்டிப் பேசியதில்லை என்று தண்டபாணி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதெல்லாம் கொடுத்தார்களாம். சாமி படத்தைக் கிழித்தானாம், சூடப் பெட்டியைத் தண்ணீரில் போட்டானாம். வடிவு அவன் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவாராம். ராஜாவாகத் திரிந்திருக்கிறான்.

டாக்டர் முயலைத் தூக்கிப் பார்த்தார், கீழே விட்டார், அது புல்லுக்குப் போவதைப் பார்த்தார். பிள்ளையின் விரலைத் திருப்பிப் பார்த்தார்; தழும்புகூடச் சரியாகத் தெரியவில்லை. பிறகு வடிவைப் பார்த்து, ஊசி வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றார். வாசற்படி இறங்கும்போது, அவர் ஆஸ்பத்திரிக்கு இனி எந்தக் கடி கேஸ் வந்தாலும் மிருகத்தை முதலில் நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இந்த ஊரில் அதுதான் நடைமுறை. அடுத்து வருகிறவருக்கு நான் சம்பாதித்து வைத்துவிட்டுப் போகிறது இது; ஆள் வந்தால் தட்டாமல் போங்கள்.

தண்டபாணிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. புல்லைக் கடித்துக்கொண்டிருந்த சின்னாண்டியைப் பார்த்து, “இனி ஆடாதுங்களா டாக்டர்?” என்று கேட்டார். துள்ளும், ஓடும், ஆடாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி விடுங்க. ஆட்டத்துக்கா வளத்தோம்” என்றார். கடையின் முதல் கரண்டியை இனிமேல் அன்றைக்கு முதலில் வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவது என்று வடிவு ஏற்கனவே முடிவு செய்திருந்தார்.

வடிவு என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை உள்ளே இறக்கிக்கொள்ள முடியாதவர் போல வாசலிலேயே நின்றார். அந்த நேரத்தில் முருகேசு அவர் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய், முற்றத்தில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் இரண்டு காலாலும் குதித்தான். சேறு என் வேட்டி வரை தெறித்தது.

“ஏலே, தண்ணிக்குள்ள எறங்காதலே! சளி பிடிச்சா யாரு பாக்குறது?” என்று கத்திக்கொண்டே போய், முதுகில் நன்றாக ஒன்று வைத்து, காதைப் பிடித்து இழுத்து வந்தார். பிள்ளை ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதான். நான் சேறு பட்ட வேட்டியோடு நின்று, அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.